காஞ்சியின் பிரதிநிதி

சட்டசபைப் பிரதிநிதி ஒருவரை எந்தத் தராசில் நிறுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அரைகுறையாகவே விடை பெற்றுப் போகிறது. தெருவுக்கு விளக்கு வந்ததா, குடிநீர் வந்ததா, ஆற்றின்மேல் பாலம் வந்ததா என்று கேட்பவர் ஒரு சாரார். சபையில் நம் பிரதிநிதி எழுந்து நின்றால் நாடு காது கொடுத்துக் கேட்கிறதா, அவர் இயற்றிய சட்டம் அடுத்த தலைமுறைக்கும் பயன்படுமா என்று கேட்பவர் மற்றொரு சாரார். இரு சாராரும் தம் பங்குக்கு நியாயமே பேசுகிறார்கள். ஆனால், இரு கேள்விகளையும் ஒருசேரக் கேட்டவர் மிகச் சிலர். அப்படிக் கேட்பதற்கு ஏற்ற வரலாறு நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்து, காஞ்சிபுரத்தால் 1957இல் சட்டசபைக்கு அனுப்பப்பெற்று, 1962இல் அதே காஞ்சிபுரத்தால் தோற்கடிக்கப்பட்டு, 1967இல் ராஜ்யத்தின் முதன் மந்திரியான சி. என். அண்ணாதுரையின் வரலாறே அது. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர்மீது கொண்ட பக்தியும் பகையும் தணிந்து, கணக்குப் பார்ப்பதற்கு உரிய காலம் இதுவென்று நாம் கருதுகிறோம்.

காஞ்சி நகரின் தெற்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. விந்தியக் காட்டிலிருந்து வேடுவத் தம்பதிகளின் துணையோடு வந்த இராமானுஜர் நீர் எடுத்ததாக வைணவர்கள் போற்றும் சாலைக் கிணறு இப்பகுதியில்தான் இருக்கிறது. வெகுகாலம் தனிப் பேரூராட்சியாக இருந்த இவ்வூர், பின்னர்க் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 2021இல் அந்த நகராட்சி மாநகராட்சியாயிற்று. கோயிலும் தறியும் காஞ்சிக்கு இரு கண்கள் என்று சொல்வது வழக்கம். கோயிலைக் காண வருகிறவர் தறியைக் காண்பதில்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாகக் கோர்வை போட்டுப் புடவை நெய்யும்போது, நாடாக்களை வாங்கித் திருப்பி அனுப்ப நெசவாளிக்கு அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு புடவை முடியப் பல நாட்களாகும். பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. கூலியும் அவர் வைப்பது. பட்டு விலை ஏறினாலும், ஜரிகை விலை ஏறினாலும், ஊரில் கலியாணங்கள் குறைந்தாலும், அடி முதலில் விழுவது தறிக்குழியில் கால் வைத்திருப்பவன் வயிற்றில்தான். இந்த வாழ்க்கையை அறியாமல் காஞ்சித் தொகுதியின் அரசியலை அறிய முடியாது.

அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில், நெசவாளர் வகுப்பைச் சேர்ந்த எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். தொத்தா என்று அவர் அழைத்த சிற்றன்னை இராஜாமணி அம்மாளே அவரை வளர்த்து ஆளாக்கியவர். உள்ளூர்ப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப நிலை இடங்கொடாமையால் காஞ்சி நகரசபை அலுவலகத்தில் சில மாதங்கள் குமாஸ்தாவாக இருந்தார். பிற்காலத்தில் ராஜ்யத்தின் கோப்புக்களில் கையெழுத்திட்டவர், முதலில் நகரசபைக் கோப்புக்களைச் சுமந்தவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருப்பூரில் ஈ. வெ. ராமசாமிப் பெரியாரைச் சந்தித்தது அவர் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது.

தேர்தல் என்ற வகையில் அவருக்குக் கிடைத்த முதல் அனுபவம் தோல்வியே. ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைக் கார்ப்பரேஷன் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். செல்வர்களின் மாளிகையில் கூடிக் கலைந்த ஒரு கட்சிக்கு ஜனங்களிடம் வேர் இல்லை என்ற பாடத்தை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும். 1938இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் நான்கு மாதம் சிறை சென்றார். 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1944இல் சேலம் மாநாட்டில் ஜஸ்டிஸ் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும், பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியதும் அவர் முயற்சியாலேயே. 1947 ஆகஸ்டு 15ஐத் துக்க நாளாகக் கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னபோது, அண்ணாதுரை அதற்கு இணங்கவில்லை. அன்னிய ஆட்சி அகன்ற நாளை இன்ப நாளாகவே கொள்ள வேண்டும் என்று தம் ஆசானுக்கு மாறாக வெளிப்படையாக எழுதினார். அவருடைய ஏனைய கொள்கைகளோடு மாறுபட்டவர்களும் அந்த நேர்மையை மறக்கலாகாது. 1949 செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது.

புதிய கட்சி 1952 தேர்தலில் அபேட்சகர்களை நிறுத்தவில்லை. ஆனால், ஓட்டுக் கேட்காத காலத்தில் ஒரு கட்சி என்ன செய்கிறது என்பதிலேதான் அதன் பிற்காலம் அடங்கியிருக்கிறது. 1952, 1953 ஆண்டுகளில் கைத்தறித் தொழில் பெரும் நெருக்கடியில் சிக்கியது. நெய்த துணி விலை போகாமல் தேங்கிற்று; தறிகள் நின்றன; நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டியை நாடின. அப்போது அண்ணாதுரையும் அவருடைய தோழர்களும் கைத்தறித் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அதே வேளையில் முதன் மந்திரியாயிருந்த ராஜகோபாலாச்சாரியார், வேஷ்டி, புடவைகளைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரிடம் வாதாடினார் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஒருவர் தோளில் சுமந்தார். மற்றவர் டில்லிக்கு எழுதினார். இரண்டும் நெசவாளிக்குத் தேவையாயிருந்தன. 1953இல் ஆலைத் துணியின்மீது கூடுதல் எக்சைஸ் வரி விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட வகை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டமோ 1985இல்தான் வந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை 1993இல் செல்லும் என்றது. தறிக்காரனுக்கு நியாயம் எத்தனை மெதுவாக நடந்து வருகிறது என்பதற்கு இது அத்தாட்சி.

1956இல் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதென்று கழகம் முடிவு செய்தது. 1957 தேர்தலில் அண்ணாதுரை சொந்த ஊராகிய காஞ்சிபுரத்தில் நின்று வென்றார். சபையின் 205 ஸ்தானங்களில் கழகத்தாருக்குக் கிடைத்தவை 15. காங்கிரஸுக்கு 151. பதினைந்து பேர் கையைத் தூக்கினால் எந்தச் சட்டமும் நிறைவேறாது. எந்த மந்திரியும் விழமாட்டார். இத்தகைய சிறு கோஷ்டியின் தலைவருக்கு இரண்டே வழிகள் உண்டு. கூச்சலிட்டு வெளியேறுவது ஒன்று. கேள்வி நேரத்தையும் பட்ஜெட் விவாதத்தையும் பயன்படுத்தி ஆளும் கட்சியைப் பதில் சொல்ல வைப்பது மற்றொன்று. அண்ணாதுரை பெரும்பாலும் இரண்டாவது வழியையே தேர்ந்தார். ஆளும் கட்சியினரும் விரும்பிக் கேட்கும்படி பேசிய எதிர்க்கட்சி உறுப்பினர் அவர்.

அவர் சபையில் முதன்மை கொடுத்த விஷயங்கள் யாவை? ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது, தமிழை ஆட்சி மொழியாக்குவது, இந்தியைத் திணிப்பதைத் தடுப்பது, பெரிய தொழிற்சாலைகளை நிறுவுவதில் தெற்கு புறக்கணிக்கப்படுகிறது என்பது, விலைவாசி, கைத்தறி. சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்ததற்குப் பின், 1957 மே மாதத்திலேயே பெயர் மாற்றத் தீர்மானம் சபையில் வந்து தோற்றது. அன்று தோற்ற தீர்மானம் பத்து ஆண்டு கழித்து ஒரு மனதாக நிறைவேறியது. சபையில் பேசுவது வெறும் காற்று என்று சலிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

ஆனால், பட்டியலை மீண்டும் பாருங்கள். அதில் காஞ்சித் தொகுதிக்கென்று தனித்து நிற்பது எத்தனை? கைத்தறி ஒன்றே. எதிர்க்கட்சிப் பிரதிநிதியின் கையில் கஜானா இல்லை. மராமத்து இலாகா அவர் சொற்படி நடவாது. மேலும், கட்சியின் தலைவர் வாரத்தில் பல நாள் ராஜ்யம் முழுதும் சுற்ற வேண்டியவர். அவருடைய தொகுதி அவரைப் பொதுக்கூட்ட மேடையில் கண்ட அளவுக்குத் தெருவில் கண்டிராது. இது குற்றமன்று; ஆனால் குறைதான். வாக்காளர் அதைக் கவனியாமல் இருக்கவில்லை.

1962 தேர்தல் வந்தது. காமராஜரின் ஆட்சி அப்போது வலுவாக இருந்தது. ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டிருந்தன. பகல் உணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு இழுத்தது. அணைகள் எழுந்தன, கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. கழகத்தின் பதினைந்து உறுப்பினர்களையும் மீண்டும் சபைக்குள் விடக் கூடாதென்று காங்கிரஸ் தனிக் கவனம் செலுத்திற்று. காஞ்சிபுரத்தில் நிறுத்தப்பட்டவர் எஸ். வி. நடேச முதலியார். பஸ் தொழில் நடத்தியவர். ஊரில் செல்வமும் செல்வாக்கும் உடையவர். தொகுதி ஜனங்களுக்கு நாள்தோறும் முகம் தெரிந்தவர். அண்ணாதுரை சுமார் ஒன்பதினாயிரம் ஓட்டுக்களில் தோற்றார். பதினைந்து பேரில் பெரும்பாலோரும் தோற்றனர்; மு. கருணாநிதி குளித்தலையை விட்டுத் தஞ்சாவூரில் நின்று வென்றார். ஆயினும், கழகத்தின் பலம் 15இலிருந்து 50ஆக உயர்ந்தது. பதிவான ஓட்டுக்களில் நூற்றுக்கு 27 அதற்குக் கிடைத்தன. சேனை வென்று, சேனாதிபதி மட்டும் வீழ்ந்த விந்தையான தேர்தல் அது.

இந்தத் தோல்விக்குப் பணமே காரணம் என்று கழகத்தார் வெகுகாலம் சொல்லி வந்தனர். பணம் புழங்கவில்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால், பணத்தை மட்டும் காரணமாகச் சொல்வது வாக்காளருக்குச் செய்யும் அவமதிப்பாகும். 1957இல் அறிவோடு வாக்களித்த அதே ஜனங்கள் 1962இல் அறிவிழந்துவிட்டார்கள் என்பது எப்படிப் பொருந்தும்? அருகில் இருக்கும் உதவியையும் தொலைவில் இருக்கும் இலட்சியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த ஒரு முறை அருகில் இருப்பதைத் தேர்ந்தார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. கடைத்தெருவுக்குப் போக பஸ் வேண்டியவனிடம் ராஜ்யத்தின் பெயரை மாற்றுவதைப் பற்றி மட்டும் பேசினால், அவன் பாதியே கேட்பான்.

தோற்றவர் என்ன செய்தார் என்பதே நமக்கு முக்கியம். அவர் ஊரை நோகவில்லை; அரசியலை விட்டு ஓடவுமில்லை. 1962இல் ராஜ்ய சபைக்குச் சென்றார். அங்கே அவருடைய முதற் பிரசங்கம் திராவிட நாட்டின் சுயநிர்ணய உரிமையைப் பற்றியது. பிரிவினைக் கோரிக்கை நாட்டின் ஒற்றுமைக்குக் கேடு என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்; அதை அவர் சபையில் நாகரிகமான மொழியில், ஒளிவுமறைவின்றி எடுத்து வைத்தார் என்பதும் உண்மை. அதே ஆண்டு ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்த கிளர்ச்சியில் வேலூர்ச் சிறை புகுந்தார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்ததும், தேசப் பாதுகாப்புக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். 1963இல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் நிறைவேறியது. அபேட்சகர் ஒவ்வொருவரும் இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று அது விதித்தது. கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. சட்டத்துக்கு அஞ்சி விட்டார் என்பர் சிலர். யுத்தத்தில் மனம் மாறினார் என்பர் சிலர். எவ்வாறாயினும், பல ஆண்டுகள் மேடைதோறும் முழங்கிய ஒரு கோரிக்கையைத் தம் கட்சி பிளவுபடாமல் விடுவித்து, ராஜ்யங்களுக்கு அதிக அதிகாரம் என்ற நியாயமான பாதைக்கு லட்சக்கணக்கான இளைஞரைத் திருப்பியது சாமான்யமான காரியமன்று. அவரளவு செல்வாக்கில்லாதவர் அதைச் செய்திருந்தால் இளைஞர் வேறு வழி தேடியிருப்பர். தேசம் இதற்காக அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

1965இன் மொழிக் கிளர்ச்சியும், துப்பாக்கிப் பிரயோகமும், உயிரிழப்பும், அதைத் தொடர்ந்த அரிசித் தட்டுப்பாடும் காங்கிரஸ் ஆட்சியின் அஸ்திவாரத்தை அரித்தன. 1967 தேர்தலில் அண்ணாதுரை மிக விரிந்த கூட்டணியை அமைத்தார். 1938இல் தம்மைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் தலைவராயிருந்த ராஜகோபாலாச்சாரியாரின் சுதந்திராக் கட்சி ஒரு பக்கம், மார்க்ஸிஸ்டுக் கம்யூனிஸ்டுகள் மறுபக்கம். கழகம் 137 ஸ்தானங்கள் பெற்றது. காங்கிரஸ் ஐம்பதைச் சுற்றி நின்றது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவரிடம் தோற்றார். காஞ்சிக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் முதன் மந்திரி பக்தவத்சலம் தோற்றார்.

இந்த வெற்றியின் உட்பொருளை அரசியல் தொண்டர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பதிவான ஓட்டுக்களில் காங்கிரஸுக்கு நூற்றுக்கு 41 கிடைத்தன. கழகத்துக்குக் கிடைத்தவை அதைவிடச் சற்றுக் குறைவு. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. கழகம் 174இல் மட்டும் நின்று, மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. எதிர்ப்பு ஓட்டுக்கள் சிதறாமல் காத்ததே வெற்றியின் சூட்சுமம். அரும்பெரும் அலை என்று வருணிக்கப்படுவதன் அடியில் இத்தகைய கணக்கு இருக்கிறது. அதை அறிந்தவராதலாலேயே, வென்றபின் அவர் ஆர்ப்பரிக்கவில்லை. தாம் பிரிந்து வந்த பெரியாரைத் திருச்சிக்குச் சென்று கண்டார்.

அத்தேர்தலில் அவர் தென் சென்னையிலிருந்து லோக சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967 மார்ச் 6இல் முதன் மந்திரியாகப் பதவி ஏற்று, மேல்சபை உறுப்பினரானார். ஆகவே, முதன் மந்திரி அண்ணாதுரை காஞ்சியின் சட்டசபைப் பிரதிநிதியாக இருக்கவேயில்லை. காஞ்சிபுரம் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது ஒரே ஒரு முறைதான்.

அவருடைய ஆட்சி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அதற்குள் மூன்று காரியங்கள் நிலைத்தன. முதலாவது, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம். 1967இல் சட்டசபை நிறைவேற்றிய திருத்தம், புரோகிதர் இன்றி உறவினர், நண்பர் முன்னிலையில் நடக்கும் திருமணங்களைச் செல்லும்படியாக்கியது. முன்பே நடந்தவற்றையும் செல்லத்தக்கதாக்கியது. எத்தனையோ மனைவியருக்கும் மக்களுக்கும் சட்டத்தின் கண்ணில் இல்லாத உரிமையை ஒரு வரியில் கொடுத்த திருத்தம் அது. இரண்டாவது, 1968 ஜனவரி 23இன் தீர்மானம். அதன்படி பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழித் திட்டம் வந்தது. மூன்றாவது, பெயர் மாற்றம். 1967 ஜூலை 18இல் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14இல் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு ஆயிற்று.

பற்று வரவு என்று இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதியோடு வந்த ஆட்சி, 1967 மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத் தொடங்கிற்று. ராஜ்யம் முழுதும் அதை விரிக்க கஜானா இடந்தரவில்லை. காஞ்சியின் தறிக்காரன் கழகத்துக்கு ஓட்டுப் போட்டான். ரூபாய் அரிசி சென்னைக்காரனுக்குக் கிடைத்தது. 1968 டிசம்பர் 25இல் தஞ்சை ஜில்லா கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டனர். முதன் மந்திரி அப்போது புற்று நோயால் மெலிந்திருந்தார். ஆனாலும், ஏழைகளின் ஆட்சி என்று பெயர் பெற்ற ஆட்சியில் நேர்ந்த அக்கொடுமையை அதன் கணக்கிலிருந்து நீக்க முடியாது.

1968 செப்டம்பரில் அவர் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்று நவம்பரில் திரும்பினார். 1969 பிப்ரவரி 3இல் காலமானார். தாம் போராடிப் பெற்ற பெயரோடு ராஜ்யம் வாழத் தொடங்கி இருபதே நாள் ஆகியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அவரை அடக்கம் செய்த நாளில் திரண்ட கூட்டம் உலகமே வியந்த கூட்டம். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதினாயிரம் ஓட்டில் தோற்ற மனிதருக்காகக் காஞ்சியிலிருந்தும் அன்று ஜனங்கள் அழுதுகொண்டு போயிருப்பார்கள். அவர்களில் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஓட்டு வேறு, அன்பு வேறு என்பதைத் தமிழ் வாக்காளன் அறிவான்.

இன்று காஞ்சியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆயினும், விசைத்தறியில் ஓடிய துணி கைத்தறி என்ற பெயரில் கடையேறும்போது, செவிலிமேட்டுப் பக்கத்து நெசவாளி தம் மகனைத் தறியில் உட்கார வைப்பதா, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு அனுப்புவதா என்று யோசிக்கிறார். பாலாறு பல மாதம் மணலாகவே கிடக்கிறது. செவிலிமேடு இன்று காஞ்சிபுரம் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எவராயினும், எக்கட்சியினராயினும், அவர்முன் இந்த இரு கேள்விகளும் நிற்கின்றன.

அண்ணாதுரையின் வரலாறு அபேட்சகருக்கு ஒரு பாடமும் வாக்காளருக்கு ஒரு பாடமும் சொல்கிறது. எத்துணைப் பெரிய இலட்சியத்தைச் சுமந்தாலும், தெருவை மறந்தவனைத் தெரு மறக்கும் என்பது அபேட்சகருக்கு. தெருவிளக்கை மட்டும் அளவுகோலாக வைத்தால், தலைமுறைகளுக்கு வெளிச்சம் தரக்கூடியவரை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்பது வாக்காளருக்கு. தொண்டர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும். தலைவரின் படத்துக்கு மாலை போடுவது எளிது. சபையில் கேட்ட கேள்விகள் எத்தனை, தறிக்கு வாங்கித் தந்தது என்ன, தோற்ற மறுநாள் நடந்துகொண்ட விதம் என்ன என்று தம் கட்சிப் பிரதிநிதியிடமே கணக்குக் கேட்பது கடினம். அந்தக் கடினமான காரியத்தைச் செய்கிறவனே ஜனநாயகத்தின் உண்மையான தொண்டன். காஞ்சி அன்று ஒரு முறை ஆதரித்தும் ஒரு முறை மறுத்தும் தன் உரிமையைச் செலுத்தியது. இனி வரும் தேர்தல்களில் இரு கேள்விகளையும் ஒருசேரக் கேட்டு அதைச் செலுத்துமாக.